பட்டாவுக்கு அளந்து ஒரு படங்கு தைப்போம்

 

கரம்பொன், ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கத்து உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பதிவு கொஞ்சம் நீளம். பட்டா, லான்ட்மாஸ்டர் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்களில் இருப்பவர்களும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு உதவுகிறவர்களும் வாசித்தால் இன்னும் நல்லது.

புரட்டாதி பிறந்துவிட்டது. ஐப்பசியோடு மாரி தொடங்கும். மாரி தொடங்கினால் நம் ஊர்களில் தறப்பாள் விநியோகமும் தொடங்கும். வரிசையில் நிற்போம், கையெழுத்து வைப்போம், படம் எடுப்போம், நீலத் தறப்பாளோடு வீட்டுக்குப் போவோம். கூரை ஒழுகும் வீட்டுக்கு அது அவசரத்துக்கு உதவும். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதே தறப்பாளைத்தான் வியாபாரம் செய்கிற வாகனத்துக்கும் கட்டுகிறோம். அங்கேதான் பிழை. இந்த வருடம் அந்தக் காசில் ஒரு பகுதியை ஒதுக்கி, தொழில் செய்கிற வாகனங்களுக்கு அளவெடுத்து மழைப்படங்கு தைத்துக் கொடுப்போம் என்பதே எங்கள் கருத்து. தைக்கிற வேலையும் நம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வருகிற வீதியை எல்லோருக்கும் தெரியும். பண்ணையில் இரண்டு பக்கமும் கடல். காற்றைத் தடுக்க ஒரு மரம் இல்லை. புங்குடுதீவுக்குப் போகிற வாணர் தாம்போதியும் அப்படித்தான். காரைநகர்ப் பக்கம் போவதென்றால் பாதையில் ஏறி வெட்டவெளியில் நிற்க வேண்டும். புடவை, பாய், பிளாஸ்டிக் சாமான், பலசரக்கு ஏற்றி வீடு வீடாக விற்கிறவர்களின் வாகனம் இந்த வழிகளில்தான் ஓடுகிறது. ஊரில் கடைகள் குறைவு. வயதானவர்கள் தனியே இருக்கிற வீடுகள் அதிகம். அந்த வாகனம் வராத நாளில் பலருக்குச் சாமான் இல்லை.

“மழை இரண்டு மூன்று மாதம்தானே, அதற்கு இவ்வளவு செலவா?” என்று கேட்கலாம். அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள்தான் தீபாவளி வருகிறது, நத்தார் வருகிறது, பின்னாலேயே பொங்கலும் வருகிறது. புடவை விற்கிறவருக்கு வருடத்தின் நல்ல வியாபாரம் அப்போதுதான். கடனுக்கு எடுத்த சேலைக்கட்டு நனைந்து சாயம் இறங்கினால், மொத்த வியாபாரி அதைத் திரும்ப எடுக்கமாட்டார்.

புயலையும் நினைக்க வேண்டும். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரேவி, 2025 நவம்பரில் டித்வா. எல்லாம் இதே பருவத்தில் வந்தவை.

சரி, கடைத் தறப்பாளில் என்ன குறை? கணக்கைப் பாருங்கள்.

ஐ.நா. அகதிகள் நிறுவனம் கொடுக்கிற தறப்பாள் 4 மீற்றர் அகலம், 5 மீற்றர் நீளம். ஒரு குடும்பம் தங்குவதற்கு என்று வைத்த அளவு அது. சின்னப் பட்டாவின் பெட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதன்மேல் 4 அடி உயரத்துக்குக் குழாய்ச் சட்டம் அடித்தால், மேலே 3 சதுர மீற்றர், இரண்டு பக்கமும் சேர்த்து 5, முன்னும் பின்னும் சேர்த்து 3½. மொத்தம் 12 சதுர மீற்றருக்குள் வேலை முடிந்துவிடும். தறப்பாளோ 20 சதுர மீற்றர். மிச்சம் 8 சதுர மீற்றரும் மூலைகளில் சுருண்டு காற்றைப் பிடிக்கிறது. ஓடுகிற வாகனத்தில் அது படபடவென்று அடித்து, ஓரத்துக் கண்களைக் கிழித்துக்கொண்டு போகிறது. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள்.

அடுத்தது தேங்குகிற தண்ணீர். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர். 25 மில்லிமீற்றர் மழை நமக்குப் பெரிய மழையே இல்லை. அது 3 சதுர மீற்றர் தட்டையான மேற்பரப்பில் தேங்கினால் 75 லீற்றர், அதாவது 75 கிலோ. ஏறக்குறைய ஒன்றரை அந்தர் பாரம் துணியின் நடுவில் தொங்குகிறது. துணி எப்படித் தாங்கும்?

தேர்தல் பதாகையையும் ரியூஷன் விளம்பரத்தையும் கட்டிக்கொண்டு ஓடுகிற வாகனங்களும் உண்டு. வேட்பாளர் சிரித்துக்கொண்டே இருப்பார், உள்ளே அரிசி நனையும். அந்தத் துணி ஒரு மாதம் சுவரில் தொங்குவதற்குச் செய்தது. வெயிலில் வெடித்து மடிப்பு மடிப்பாகக் கிழியும்.

அளந்து தைப்பதில் பெரிய இரகசியம் ஒன்றும் இல்லை. கவனிக்க வேண்டியவை இவைதான்.

முதலாவது, சட்டம். நடுக்குழாய் ஓரக்குழாய்களைவிட ஒரு சாண் உயரமாக இருக்கட்டும். தண்ணீர் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். குழாய் முனைகளில் கூர் இருந்தால் ராவி, பழைய ரியூப்பைச் சுற்றுங்கள். துணி முதலில் தேய்ந்து ஓட்டை விழுவது அங்கேதான். அந்த இடங்களில் துணியையும் இரட்டையாகப் போட வேண்டும்.

இரண்டாவது, துணி. லொறிக்குப் போடுகிற பிவிசி பூசிய தடித்த துணிதான் சரி. விலை கூட. ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் ஒரு நீலத் தறப்பாள் வாங்குகிற செலவை நாலைந்து வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். அதோடு நனைந்த சரக்கின் விலையையும் சேருங்கள்.

மூன்றாவது, தையல். பருத்தி நூல் ஈரத்தில் உக்கிவிடும், பொலியெஸ்டர் நூல் வேண்டும். தையல் நெருக்கமாக விழக்கூடாது. நெருக்கமாகக் குத்தினால் துணி முத்திரை கிழிக்கிற தாள்போல ஆகிவிடும். ஒரு தையலுக்கு 4 மில்லிமீற்றராவது விடுங்கள். ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டு, அதன்மேல் அதே துணியில் ஒரு பட்டி ஒட்டினால் ஊசித் துளையால் தண்ணீர் இறங்காது. மேல்துண்டு எப்போதும் பக்கத்துண்டுக்கு மேலால் வரட்டும். ஓலை வேய்கிறவர் கீழ்வரிசையிலிருந்து மேலே போவது எதற்காகவோ, அதற்காகத்தான் இதுவும். முன்துண்டின் விளிம்பு பின்பக்கம் பார்த்தபடி படிய வேண்டும். இல்லாவிட்டால் ஓடும்போது காற்று அதைத் தூக்கும்.

நான்காவது, கட்டு. நம் உப்புக்காற்றில் இரும்புக் கண் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளைக் கண் போடுங்கள். விளிம்புக்குள் ஒரு கயிறு வைத்து மடித்துத் தைத்தால் கண் பிய்ந்து வராது. கட்டுவதற்கு ரியூப் கீற்று நல்லது, காற்றின் இழுப்புக்கு அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

ஐந்தாவதுதான் முக்கியம். படங்கு மூடுவதற்கு மட்டுமல்ல, திறப்பதற்கும். கடைத் தறப்பாள் கட்டிய வாகனத்தில், மழைக்குள் ஒரு சாரம் எடுத்துக் காட்டவேண்டுமென்றால் பாதிக் கட்டை அவிழ்க்க வேண்டும். வியாபாரி “பிறகு வாறன் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அளந்து தைக்கிறபோது பின்துண்டை மேலே உயர்த்தி, இரண்டு தடியில் நிறுத்துகிற மாதிரித் தைக்கலாம். அப்போது அதுவே தாழ்வாரம். வாங்க வருகிற ஆச்சியும் நனையாமல் நின்று பார்ப்பார். பின்பக்க மேல்மூலையில் மூடியோடு ஒரு சின்னக் காற்றுவழியும் விடுங்கள். முழுக்க அடைத்தால் உள்ளே வியர்த்துப் புடவையில் பூஞ்சணம் பிடிக்கும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் பிக்கப் வாகனத்தின் பின்பெட்டியில், கூரையை உயர்த்தி மடக்கக்கூடிய ஒரு சின்ன அறையை ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குப் போவார்கள். கூரையை உயர்த்தினால் மேற்சுவர் வெறும் துணி. அதற்கு மழைக்கவசம் வேண்டுமென்றால் அங்கேயும் கடையில் எடுத்தது பொருந்தாது. கூரை மடங்கியும் இருக்க வேண்டும், விரியவும் வேண்டும் என்பதால் அந்த வண்டியையே அளந்துதான் தைக்க வேண்டும். உல்லாசப் பயணத்துக்கே இவ்வளவு அளவு பார்க்கலாம் என்றால், சோற்றுக்கு ஓடுகிற வாகனத்துக்குப் பார்க்கக்கூடாதா?

இனி, யார் தைப்பது? நம் கிராமங்களில் வாழ்வாதார உதவியாகக் கிடைத்த தையல் மெசின்கள் எத்தனை வீட்டில் துணி போர்த்தபடி நிற்கின்றன? சட்டை தைக்கக் கொடுக்க ஆள் இல்லை, எல்லோரும் ஆயத்த ஆடை வாங்குகிறோம். மிதி மெசினில் 18ஆம் நம்பர் ஊசி போட்டால் இந்தத் துணி இரண்டு மடிப்புத் தைக்கலாம். நாலு மடிப்பு வருகிற இடத்தை வாகனக் குசன் வேலை செய்கிறவரின் பெரிய மெசினில் கொடுக்கலாம். வெட்டுவதும் விளிம்பு மடிப்பதும் வீட்டில், தடித்த தையல் குசன் கடையில். இரண்டு பக்கமும் கூலி ஊருக்குள் நிற்கும்.

அளவெடுக்கிற வேலைக்கு எங்களைப் போன்ற ஆசிரியர்கள் வருவோம். ஒரு பெட்டியை விரித்து வரைந்து பரப்பளவு காண்பதைத்தானே வகுப்பில் படிப்பிக்கிறோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் நிஜப் பட்டா ஒன்றை அளந்து, கடதாசியில் மாதிரி வெட்டிப் பார்க்கட்டும். அந்தக் கணக்கை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

தறப்பாள் என்ற சொல் நமக்குச் சும்மா ஒரு சொல் இல்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். தையல், இரும்பு, லொறி என்று தொழில் தெரிந்த சனம் புத்தளத்தில் கொட்டிலுக்குள் போனது. அதே காலத்தில் தீவகத்துச் சனமும் இராணுவ நடவடிக்கைகளால் வீடு விட்டு ஓடியது. 2009இல் வன்னிச் சனம் செட்டிகுளத்தில் கூடாரங்களில் இருந்தது. எல்லோரும் யாரோ கொடுத்த தறப்பாளின் கீழ் படுத்தவர்கள். அந்தப் பழக்கத்தில், மழைக்கு மறைப்பு என்றால் யாராவது தருவார்கள், தருவதைக் கட்டிக்கொள்வோம் என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. ஒரே அளவு, ஒரே நிறம், பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும். முகாமுக்கு அது சரி. நாம் இப்போது முகாமில் இல்லை. நம் அளவை நாம் எடுத்து, நமக்குப் பொருந்துகிறதைச் செய்கிற காலம் இது.

முஸ்லிம் சகோதரர்களுக்கு இன்னொன்று. தொழில் தெரிந்த ஏழைக்கு அவருடைய தொழிற்கருவி வாங்குகிற அளவுக்கு ஸகாத் கொடுக்கலாம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹப் அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். நடமாடும் வியாபாரிக்குப் படங்கு தொழிற்கருவிதான். உங்கள் உலமாவிடம் கேட்டுச் செய்யுங்கள். ஸதகாவுக்கோ சாதி சமய வேலி இல்லை. மழை அல்லாஹ்வின் ரஹ்மத். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த வருடம் எல்லோருக்கும் செய்ய முடியாது. ஐப்பசிக்கு முன் மூன்று வாகனத்துக்குச் செய்து பார்ப்போம். மாரி முடிந்து தை மாதம் அந்த மூன்று பேரையும் கேட்போம், எத்தனை நாள் ஓடினார்கள், எவ்வளவு சரக்கு நனைந்தது என்று. அவர்கள் சொல்கிற கணக்கை வைத்து அடுத்த வருடம் முடிவெடுக்கலாம்.

குசன் வேலை தெரிந்தவர்கள், மெசின் வைத்திருக்கிற சகோதரிகள், வாகனம் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். இந்தத் துணியில் தைத்த அனுபவம் உள்ளவர்கள் இருந்தால் எங்களைத் திருத்துங்கள். முதலில் யாருடைய வாகனத்தை அளப்போம்?