பிண பொம்மை என்றால் வீட்டுக்கு ஆகாதா?

நான் பத்தாவது வரை படித்த குடும்பத் தலைவி. கணவர் வேலை நிமித்தம் லண்டனில் இருக்கிறோம். இங்கே மேஜை மேல் வைத்து விளையாடும் குட்டி பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது பல பிள்ளைகளுக்கு, ஏன், பெரியவர்களுக்கும் பொழுதுபோக்கு. என் பதினோரு வயது மகன் தீட்டுவதோ 'ஸாம்பி' பொம்மைகள். அதாவது, செத்தும் நடமாடும் பிணங்கள்!

ஊரிலிருக்கும் என் மாமியார் போனில் இதைப் பார்த்துவிட்டு, "நடு வீட்டிலே பிணத்தை வரிசையா நிறுத்தி வச்சிருக்கியேம்மா, குடும்பம் வெளங்குமா? தூக்கிக் குப்பையிலே போடு" என்கிறார். நம்மில் பலரும் இதையேதான் சொல்வோம். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்த பொம்மை ஒன்றேகால் அங்குல உயரம்தான் இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். பிறகு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் வர்ணத்தில் தண்ணீர் கலந்து மெல்லிசாக இரண்டு தடவை பூச வேண்டும். கடைசியில் நீர்த்த பழுப்பு வர்ணத்தைத் தடவினால், அது துணி மடிப்பிலும் விலா எலும்பு இடுக்கிலும் தானாக இறங்கி நிழல் காட்டும். ஒவ்வொரு பூச்சும் காயும் வரை பொறுமையாகக் காத்திருக்கணும். போனை நோண்டும் பிள்ளைக்கு இந்தப் பொறுமையை வேறு எதில் கற்றுத் தருவது?

இன்னொன்று. என் மகன், கோடு கொஞ்சம் கோணினாலும் தாளைக் கிழித்து எறிகிற ரகம். பரீட்சையில் ஒரு மார்க் குறைந்தால் அன்று சாப்பாடு இறங்காது. ராஜா ராணி பொம்மை என்றால் முகத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் கெட்டுப் போச்சு. ஸாம்பிக்கு அந்தக் கவலையே இல்லை. சிந்தினால் அது அழுகல், பிசகினால் அது கறை! "பரவாயில்லைம்மா, இது சேறுன்னு வச்சுக்கலாம்" என்று அவன் மேலே தீட்டிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது என் மனசு நிறைகிறது. தப்பு வந்தாலும் வேலையை முடிக்கலாம் என்கிற தைரியம் எந்த டியூஷனில் கிடைக்கும்?

விளையாட்டும் வன்மம் வளர்ப்பதல்ல. 2012-ல் வந்த 'ஸாம்பிசைட்' ஆட்டத்தில் ஆடுபவர் எல்லாரும் ஒரே கட்சி. ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்பார்கள், தோற்றால் எல்லாரும் தோற்பார்கள். என் வீட்டு அண்ணன் தங்கை சண்டையில்லாமல் ஆடுவது இது ஒன்றைத்தான்.

ஸாம்பி கதை பிறந்தது ஹைத்தியில். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் மாடாய் உழைத்த அடிமைகளுக்கு, செத்த பிறகும் விடுதலை இல்லாமல் போய்விடுமோ என்று இருந்த பயம்தான் அதன் வேர் என்கிறார்கள். இதை மகனுக்குச் சொன்னேன். பேய்க் கதைக்குள்ளும் மனிதர் பட்ட பாடு இருக்கிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டுமே.

அமங்கலம் என்கிறீர்களா? புது வீட்டு வாசலில் கோரைப்பல் தெரிய திருஷ்டி பொம்மை தொங்கவிடுவது யார்? கொலுவில் தேவியின் காலடியில் மகிஷாசுரனை வைப்பதும் நாம்தானே!

கண்டிப்பும் வேண்டும். இது செலவு பிடிக்கும் பழக்கம். கையிலுள்ள பெட்டியைத் தீட்டி முடிக்காமல் அடுத்தது கிடையாது என்று சொல்லிவிட வேண்டும். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்க விடாதீர்கள். பழைய உலோக பொம்மைகளில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அவற்றைப் பிள்ளைகள் கையில் தரவே கூடாது. ஸ்ப்ரே அடிப்பதானால் வெளியில் வைத்து, பெரியவர்தான் அடிக்கணும்.

பொம்மை லட்சணமாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட, அதைத் தீட்டுகிற கை என்ன பழகுகிறது என்று பாருங்கள். குப்பையில் போடும் முன் ஒருமுறை பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், அம்மாக்களே!

- ஒரு வாசகி, லண்டன்.