எதில் ஐம்பது சதவீதம்?

ஆடி பிறந்துவிட்டால் சென்னை தியாகராய நகரில் கடைப்பெயரைவிடப் பெரிதாகத் தெரிவது சதவீதக் குறிதான். கல்யாணம் காட்சி இல்லாத மாதத்தில் தேங்கும் சரக்கைத் தள்ளிவிட ஜவுளிக்கடைகள் பிடித்துக்கொண்ட வழி, இன்று பாத்திரம், செல்போன், நகை, ஏன், வீட்டுமனை வரைக்கும் வந்துவிட்டது. வாசலில் தொங்கும் பதாகையில் ‘50% + 20%’ என்று போட்டிருந்தால், பார்ப்பவர் மனம் அதை எழுபதாகக் கூட்டிக்கொண்டே படியேறுகிறது.

கணக்கு அப்படிப் போவதில்லை. 2,000 ரூபாய்ச் சேலையில் முதல் தள்ளுபடி 1,000 ரூபாயைக் கழிக்கிறது. அடுத்த 20 சதவீதம் மிச்சமிருக்கும் ஆயிரத்துக்கு மட்டும்தான். அதாவது 200 ரூபாய். கட்ட வேண்டியது 800. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கூட்டியது வாடிக்கையாளர்.

தமிழ்நாட்டுப் பாடநூலில் எட்டாம் வகுப்பிலேயே தள்ளுபடிக் கணக்கு வந்துவிடுகிறது. அதில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் கடையில் சறுக்குகிறார்கள் என்றால், பெருக்கத் தெரியாதது காரணமல்ல. பாடநூலில் ‘குறித்த விலையில் 20 சதவீதம்’ என்று தெளிவாக இருக்கும். பதாகையில் ‘குறித்த விலையில்’ என்ற பகுதி இருக்காது.

இது அதிகம் விளையாடும் இடம் நகைக்கடை. ‘சேதாரத்தில் 25% தள்ளுபடி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு சவரன் சங்கிலி வாங்க ஒருவர் போகிறார். கணக்குக்கு வசதியாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிராமுக்கு 80,000. சேதாரம் 16 சதவீதம் என்றால் 12,800. அதில் கால் பங்கு, 3,200 ரூபாய் குறைகிறது. மொத்தத் தொகையான 92,800-இல் இது மூன்றரை சதவீதம்கூட இல்லை. எதிர்க்கடையில் தள்ளுபடியே கிடையாது. ஆனால் சேதாரம் 11 சதவீதம்தான், 8,800 ரூபாய். தள்ளுபடி போக முதல் கடை வாங்கும் சேதாரம் 9,600. விளம்பரமே செய்யாத கடையில் 800 ரூபாய் மிச்சம். இரண்டு கடையிலும் ‘எல்லாம் சேர்த்துக் கைக்கு எவ்வளவு’ என்று எழுதி வாங்கினால் போதும், சதவீதத்துக்கே வேலையில்லை.

இலவசத்துக்கும் இதே கதி. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்பது 33 சதவீதச் சொச்சம். ஒன்றுக்கு ஒன்று இலவசம் 50 சதவீதம். ஆனால் ‘விலை குறைந்தது மட்டுமே இலவசம்’ என்று கீழே பொடி எழுத்தில் இருந்தால், 1,800 ரூபாய்ச் சட்டையோடு 900 ரூபாய்ச் சட்டை எடுப்பவருக்கு மறுபடி 33தான். 5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கூப்பன், அதைச் செலவழிக்க இன்னொரு 2,500 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்றால், 7,500 ரூபாய்ச் சரக்குக்கு 500 ரூபாய் குறைகிறது. ஏழு சதவீதம்கூடத் தேறாது.

சோப்பு, பற்பசையில் ‘50% கூடுதல்’ என்று வருவதும் 33 சதவீத விலைக்குறைப்பும் ஒரே லாபம்தான். 100 ரூபாய்க்கு 100 கிராமுக்குப் பதில் 150 கிராம் கிடைத்தால், 100 கிராமின் விலை 67 ரூபாய் ஆகிறது. ஆனாலும் வாங்குபவர்கள் பெரிய எண்ணின் பக்கமே போகிறார்கள். அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஒரு கடையில் கைக்குப் பூசும் களிம்பை இரண்டு விதமாகவும் விற்றுப் பார்த்தார்கள். இணையான விலைக்குறைப்பில் விற்றதைவிடக் கூடுதல் அளவாகக் கொடுத்தபோது 73 சதவீதம் அதிகம் விற்றது. 2012-இல் வெளியான ஆய்வு அது.

இதில் கடைகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. அதே 2012-இல் ஜே.சி.பென்னி என்ற அமெரிக்கக் கடைத்தொடர், கூப்பனும் திடீர்த் தள்ளுபடியும் வேண்டாம், என்றும் ஒரே குறைந்த விலை போதும் என்று முடிவெடுத்தது. அந்த ஆண்டு விற்பனை சுமார் கால் பங்கு சரிந்தது. அடுத்த ஏப்ரலில் தலைமை நிர்வாகி ரான் ஜான்சன் பதவி இழந்தார். தள்ளுபடி போர்டு இல்லாத கடைக்குள் நுழைய ஆளில்லை.

ஆனால் சில இடங்களில் கணக்கு உண்மையிலேயே கடையின் பக்கம் சாய்க்கப்படுகிறது. பெட்டியில் அச்சாகும் அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியும் அடங்கியது. 3,000 ரூபாய்க் காலணிக்கு 40 சதவீதம் தள்ளுபடி என்றால் 1,800 ரூபாய். அதன்மேல் தனியாக 12.5 சதவீத வரி போட்டால் 2,025 ஆகிவிடும், தள்ளுபடி 32.5 சதவீதமாகச் சுருங்கிவிடும். மதிப்புக்கூட்டு வரிக் காலத்தில் இப்படி வசூலித்த கடைகள் மீது வழக்குகள் வந்தன. அது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2017-இல் சொன்னது. ரசீதின் கடைசி வரியைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

அதைவிடச் சிக்கலானது, கழிப்பதற்கு முந்தைய விலை எங்கிருந்து வந்தது என்பது. அதிகபட்ச விலை என்பது உச்சவரம்பு மட்டுமே. அந்த விலைக்கு அந்தப் பொருள் ஒரு நாளாவது விற்றதா என்று அட்டை சொல்லாது. 999 ரூபாய் என்று அச்சிட்டு ஆண்டு முழுக்க 499-க்கு விற்றாலும் ‘50%’ போர்டு தொங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. விலைக்குறைப்பு என்று அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். ஆடி விற்பனைக்கும் அப்படியொரு விதி கேட்கலாம். கணினியில் ரசீது போடும் கடைகளில் அந்த விவரம் ஏற்கெனவே இருக்கிறது. விலைச்சீட்டில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.