புகைச் சோதனையில் தோற்ற குட்டியானை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றி வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் பழைய வண்டிகள்தான். புது வண்டி வாங்கத் தவணை கட்ட முடியாத விவசாயி, மூன்றாம் கை வண்டியை வாங்கிப் பட்டறை பார்த்து ஓட்டுகிறார். அவருக்கு இப்போது பெரிய தலைவலி புகைச் சோதனை. அந்தச் சீட்டு இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எப்.சி.க்குப் போனாலும் புகையைப் பார்ப்பார்கள்.

சென்ற ஆடியில் என் குட்டியானை சோதனையில் தோற்றது. 2009ல் பதிவான வண்டி. பி.எஸ்.4க்கு முந்திய டீசல் வண்டிகளுக்கு உச்ச அளவு 2.45. என் வண்டி காட்டியது 3.4. குழாயில் வரும் புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பதைக் கருவி அளந்து சொல்லும் எண் இது. எண் கூடினால் புகை அடர்த்தி என்று பொருள்.

உடனே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "அண்ணே, பம்பை இறக்கிப் பார்த்துடலாம்" என்றார் ஒரு மெக்கானிக். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொன்னார் இன்னொருவர். வண்டியைச் சோதிக்காமலே சீட்டு வாங்க வழி இருப்பதாகக் காதோடு சொன்னவரும் உண்டு. வண்டிக்கு என்ன நோய் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

விவசாய அன்பர்களே, பயிரின் இலையைப் பார்த்து என்ன சத்துக் குறைவு என்று சொல்லிவிடும் நாம், வண்டியின் புகையைப் பார்க்கப் பழகவில்லை. நீலப் புகை வந்தால் இஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், அது பெரிய செலவு. இஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. நம் வண்டிகளில் பெரும்பாலும் காண்பது கறுப்புப் புகைதான். அதற்குக் காற்று குறைவு, அல்லது டீசல் அதிகம்.

முதலில் காற்றைப் பாருங்கள். அதுதான் செலவு குறைந்தது. நம் செம்மண் காட்டில், வைகாசி ஆனிக் காற்றில் ஓடும் வண்டியின் ஏர் பில்டர், தார் ரோட்டிலேயே ஓடும் வண்டியின் பில்டரைப்போல் நாள் தாங்காது. என் பில்டரைக் கழற்றித் தட்டியபோது அரைப்படி மண் கொட்டியது என்றால் கொஞ்சம் மிகைதான். ஆனால் வெயிலுக்கு எதிரே பிடித்தபோது வெளிச்சமே ஊடுருவவில்லை. காகித பில்டரைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. உள்ளிருந்து வெளிப்புறமாக மெதுவாகக் காற்று அடிக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். புது பில்டர் போட்டு மறுபடி சோதித்தேன். 2.8 வந்தது. இன்னும் தோல்விதான்.

மீதிக் குற்றம் என்னுடையது. வடகாடு வழியாகப் பாச்சலூர் மலை ஏறும்போது வண்டி இழுக்கவில்லை என்று, இரண்டு வருடம் முன்பு நானே ஒரு பட்டறையில் பம்பின் திருகைத் திருகச் சொன்னேன். சீலை உடைத்து, டீசல் கூடுதலாகப் போகும்படி வைத்துக் கொடுத்தார்கள். முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் 14 கிலோ தக்காளிப் பெட்டி 90 ஏற்றினேன். அதாவது ஒன்றேகால் டன். வண்டி இழுத்தது, கூடவே புகையும் கிளம்பியது. அந்தப் புகை எரியாமல் போகும் என் டீசல் காசு என்பது அப்போது உறைக்கவில்லை.

திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். நாசிலைக் கழற்றிச் சோதித்தபோது ஒன்று பனிபோல் தூவாமல் சொட்டிக்கொண்டிருந்தது, அதை மாற்றினோம். அடுத்த சோதனையில் 1.9. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் கூடக் கிடைக்கிறது.

இதில் நஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போது 53 பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை. வரத்து மிகுந்த நாளில் இரண்டு நடை அடிக்க வேண்டியிருக்கிறது. தக்காளி விலை விழுந்த நாளில் அந்த இரண்டாவது நடை கையைக் கடிக்கத்தான் செய்கிறது. இருந்தும் டயர், பட்டை, கிளட்ச் செலவு குறைந்ததைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிறது.

சிலர் சோதனைக்கு முன் திருகைக் குறைத்து, சீட்டு வாங்கியதும் மறுபடி கூட்டிவிடுகிறார்கள். இதைப் பெரிய அளவில் செய்து 2015ல் அமெரிக்காவில் மாட்டிக்கொண்டது ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி. சோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் ஏற்பாட்டை உலகம் முழுவதும் ஒரு கோடிக்கு மேற்பட்ட டீசல் கார்களில் வைத்திருந்தது. அதற்குப் பெரும் அபராதம் கட்டினார்கள். நம் ஊரில் திருகு கூட்டுகிறவருக்கு அபராதம் வராமல் போகலாம். ஆனால் மார்க்கெட்டில் வண்டியின் பின்னால் நின்று மூட்டை இறக்கும் ஆட்கள் அந்தப் புகையைத் தினமும் குடிக்கிறார்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லேயே அறிவித்துவிட்டது.

தில்லியில் 10 வருடமான டீசல் வண்டி ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் உத்தரவிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வயதை வைத்து வண்டியை ஒதுக்குவது சிறு விவசாயிக்கு நியாயமாகாது. புகையை வைத்து ஒதுக்கட்டும் என்பதே என் கருத்து. அப்படிக் கேட்க நமக்கு வாய் வேண்டுமானால் நம் சீட்டு உண்மைச் சீட்டாக இருக்க வேண்டும்.

சோதனை செய்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். "பெயில்" என்று சொல்லி அனுப்பாமல், எண் என்ன, உச்ச அளவு என்ன, புகை என்ன நிறம் என்பதைச் சொல்லி அனுப்புங்கள். அந்த எண் கையில் இருந்தால் மெக்கானிக் எடுத்த எடுப்பில் பம்பில் கை வைக்கமாட்டார். விவசாயிகளும் பக்கத்துத் தெருவிலிருந்து குளிர்ந்த இஞ்சினோடு போய் நிற்க வேண்டாம். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, இஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்கு விடுங்கள்.

பழைய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சீட்டு எடுக்க வேண்டும். 3.4, 2.8, 1.9 என்ற மூன்று எண்களையும் டிரைவர் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்தது தை மாதம்.