சித்திரையில் தொடங்கட்டும்!

சென்னை கோபாலபுரத்தில் கான்ரான் ஸ்மித் சாலை என்று ஒரு சாலை. டாக்டர் வி. மோகன் 1991-இல் தொடங்கிய நீரிழிவு மருத்துவ நிலையம் அங்கேதான் இருக்கிறது. காலை வேளையில் இத்தகைய நிலையம் எதற்குச் சென்றாலும் ஒரே காட்சிதான். வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்தவர்கள், பலகாரம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆனதும் மறுபடி கொடுப்பதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். 'இனிமேல் நடக்க வேண்டும், வாயைக் கட்ட வேண்டும்' என்ற ஞானம் பலருக்கு அங்கேதான் உதயமாகிறது. வியாதிக்குப் பின்னால் வரும் இந்த ஞானம் சற்று முன்னால் வந்தால் ஆகாதா?

விஷயம் சாமானியமானதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. வாசற்படியில் நிற்பவர் உள்ளே போகவும் கூடும். திரும்பி வரவும் கூடும் அன்றோ?

திரும்பி வர முடியும் என்பதைச் சென்னையே காட்டியிருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இப்படி வாசற்படியில் நின்ற 531 பேரை நான்கு பிரிவாக்கிச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல் விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கப் பழகியவர்களில் அது 39-ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே பயன்தான். நடை மந்திரமல்ல, ஆனால் மாத்திரைக்கு இளைத்ததும் அல்ல.

எப்போது தொடங்குவது? பனி நாட்டாருக்கு வசந்தம் என்றால் வெளியே உலாவும் காலம். நமது இளவேனிலோ வேப்பம்பூவோடும் மாங்காயோடும் வெயிலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. புத்தாண்டுப் பச்சடியின் கசப்பு நாவில் இருக்கும்போது எடுத்த சங்கற்பம் அக்கினி நட்சத்திரத்தில் ஆவியாகிவிடுகிறது. ஆகையால் சிறிதாகவே தொடங்குவது நலம். வெயில் ஏறுமுன் அரை மணி நடை. இலையில் ஒரு கரண்டி சோறு குறைத்து அந்த இடத்தில் காய். காப்பியில் அரைக் கரண்டி சர்க்கரை குறைவு. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். நடக்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடலாம். பங்குனி என்று பருப்பதும் இல்லை, சித்திரை என்று சிறுப்பதும் இல்லை என்பார்களே, பழக்கம் அப்படி ஒரே சீராக இருக்க வேண்டும்.

ஆனால், 'நடங்கள்' என்று சொன்னால் மட்டும் போதுமா? நடப்பதற்கு இடம் வேண்டாமா? நடைபாதையில் மோட்டார் சைக்கிளும், மின்சாரப் பெட்டியும், கட்டட மணலும் கிடந்தால் வயதானவர்கள் பஸ்ஸோடு போட்டியிட்டா நடப்பார்கள்?

இதற்கும் வழிகாட்டி சென்னையிலேயே உண்டு. ஆசியாட் காலனியில் மோகனின் ஆராய்ச்சி நிலையத்தார் நீரிழிவைப் பற்றி எடுத்துச் சொன்னார்கள். அங்குள்ளவர்கள் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தங்கள் சொந்தப் பணத்தில் ஒரு பூங்காவையே அமைத்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முன்பு 100-க்கு 14 பேர். சில ஆண்டுகளில் 58 பேருக்கு மேல் ஆனார்கள். உபதேசம் செய்ய முடியாததை ஒரு பூங்கா செய்துவிட்டது!

எல்லாத் தெருவாசிகளாலும் பூங்கா அமைத்துவிட முடியாது. பணமும் இடமும் எல்லோரிடமும் இல்லை. அங்கேதான் மாநகராட்சியின் கடமை வருகிறது. நடைபாதையை நடப்பவர்களுக்கே மீட்டுக் கொடுப்பதும், பூங்காக்களை விடியுமுன் திறந்து வைப்பதும், இரவில் விளக்கெரிய விடுவதும் பெரிய செலவல்ல. ஆஸ்பத்திரி கட்டுவதைவிட இது மலிவு.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். தெருவைச் சீராக்க மாநகராட்சி முன்வரட்டும்; செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்ட நாம் முன்வருவோம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்காரும் காலைப் பொழுதைவிட, கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் காலைப் பொழுது எவ்வளவோ மேல்!