கூலி ஏறினா குத்தம், விலை ஏறலைன்னா பேச்சே இல்லை

"நூறு நாள் வேலை வந்துதாங்க விவசாயமே கெட்டுப்போச்சு." ஊருக்கு வர்ற பட்டணத்துச் சொந்தக்காரங்கள்ல பாதிப்பேர் இதைச் சொல்லாம போறதில்லை. எனக்கு ஆதரவாப் பேசுறதா அவங்களுக்கு நெனப்பு. நடவுக்கு ஆள் தேடி அலையுறவன்தான் நானும். ஆனாலும் இந்தப் பேச்சை ஏத்துக்க மாட்டேன்.

முதல்ல கணக்குப் பாப்போம். 2023-24ல தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக்குக் கூலி 294 ரூபாய். அடுத்த வருஷம் 319. ஏறினது எட்டரை சதவீதம். அதே சமயத்துல சாதா ரக நெல்லோட ஆதார விலை குவிண்டாலுக்கு 2,183லேர்ந்து 2,300 ஆச்சு. இது ஐந்தரை சதவீதம்கூட இல்லை. ரெண்டையும் தீர்மானிக்கிறது மத்திய அரசுதான். நடுவுல மாட்டிக்கிட்டவன் நான். இதுக்கு நான் யார் மேல கோபப்படணும்? வெயில்ல வாய்க்கால் வெட்டுற அக்கா மேலயா?

"செலவுக்கு மேல பாதி சேத்துத்தானே விலை தர்றாங்க"ம்பீங்க. அது எந்தச் செலவு? கைக்காசாப் போட்டதும், வீட்டு ஆளுங்க உழைப்பும் மட்டும்தான். சொந்த நிலத்தோட குத்தகை மதிப்பு, போட்ட முதலுக்கு வட்டி எல்லாம் அதுல வராது. அதையும் சேத்துப் போடுங்கன்னு விவசாயச் சங்கங்கள் வருஷக்கணக்கா கேக்குது. போட்டிருந்தா அந்த வருஷம் குவிண்டால் 3,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். வெளிச்சந்தையில கொஞ்சம் விலை ஏறுற நேரத்துல என்ன ஆச்சு? 2023 ஜூலையில பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை. பட்டணத்துல அரிசி விலை ஏறக்கூடாது, அவ்வளவுதான்!

கூலி ஏறினா சின்ன விவசாயிக்கு வலிக்காதான்னா, வலிக்கும். மூணு ஏக்கர் வெச்சிருக்கவனும் ஒரு சிறுதொழில் நடத்துறவன்தான். உங்க தெரு ஓட்டல்காரர் மாஸ்டர் சம்பளம் ஏறினா தோசை விலையை ஏத்திடுவார். நான் எதை ஏத்துறது? அதனாலதான் அறுப்பு முழுக்க மிஷினுக்குப் போச்சு, இப்ப நடவும் போகுது. போறது யாரு வேலை? அதே அக்காவோட வேலை. விலையைக் கட்டிப் போட்டுட்டு கூலியை மட்டும் ஏத்தினா ரெண்டு பேருக்கும் நஷ்டம்.

அதுக்காக கூலியைக் குறைன்னு கேக்க எனக்கு வாய் வராது. நாங்க இருக்கிறது கீழத்தஞ்சை. கூலியைக் கூட்டிக் கேட்ட சண்டையில 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில 44 பேர் குடிசைக்குள்ள எரிஞ்சு செத்தாங்க. அதுக்கப்புறம்தான் 1969ல விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமே வந்துச்சு. அந்த மண்ணுல நின்னுக்கிட்டு 'கூலி ஜாஸ்தி'ன்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும்.

ஆள் கிடைக்காததுக்கும் இந்தத் திட்டம் மட்டுமே காரணமில்லை. இளவட்டமெல்லாம் திருப்பூர், கோயம்புத்தூர் போயாச்சு. நூறு நாள் வேலைக்குப் போறவங்க பெரும்பாலும் வயசானவங்களும் பொம்பளைங்களும். வருஷத்துல மீதி நாளெல்லாம் அவங்க ஊர்லதான் இருக்காங்க. அப்ப ஏன் ஆள் இல்லை?

செய்ய வேண்டியது ரெண்டு. சின்ன விவசாயி வயல்ல வரப்புக் கட்டவும் பண்ணைக்குட்டை வெட்டவும் இந்தத் திட்டத்துலயே வழி இருக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும்தான் கிடையாது. அதையும் சேருங்க. கூலியில ஒரு பங்கு அரசு, மீதி நான். அந்த அக்காவுக்கு இப்ப கிடைக்கிறதுக்கு மேலயே கிடைக்கும், எனக்கும் கட்டுப்படியாகும். ரெண்டாவது, நெல்லுக்கு முழுச் செலவையும் கணக்குல எடுத்து விலை வைங்க.

அப்போ அரிசி கிலோவுக்குச் சில ரூபா கூடும். இத்தனை நாளா அந்தச் சில ரூபாயை உங்களுக்காகப் போட்டுக்கிட்டிருந்தது நானும் அந்த அக்காவும்தான். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நூறு நாள் வேலையைத் திட்டுறதுக்கு முன்னாடி இதையும் ஒரு நிமிஷம் யோசிங்க.