நாலு பலகை, எட்டு ஸ்க்ரூ, ஒரு தீக்குச்சி

நம் ஊர்ப் பையன்கள் முதன்முதலாகச் செய்த ஃபர்னிச்சர் எது தெரியுமோ? தீப்பெட்டி பீரோ!

நாலு காலித் தீப்பெட்டியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் பழைய காலண்டர் தாளை ஒட்டி, ஒவ்வொரு டிராயருக்கும் ஒரு மிளகைக் குமிழாக வைத்தால் முடிந்தது. உள்ளே கோலி, பஸ் டிக்கெட், உயிருள்ள பொன்வண்டு இத்யாதி. கடையில் மலிவாகக் கிடைக்கிற ஒரு பெட்டியை, அதைத் தயாரித்தவன் கனவிலும் நினைக்காத காரியத்துக்கு உபயோகப்படுத்துவது! இதற்குத்தான் இன்றைக்கு வெளிநாட்டில் 'ஹாக்' என்று பெயர் வைத்து, வீடியோ எடுத்து, கைதட்டல் வாங்குகிறார்கள்.

இந்த விஷயத்தில் திருவொற்றியூர்க்காரர்கள் காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக் கொள்ளலாம். மெட்ரோ ரயிலில் 'விம்கோ நகர்' என்று அறிவிக்கிறார்களே, அந்த விம்கோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். 1923-ல் ஸ்வீடன்காரர்கள் இந்தியாவில் ஆரம்பித்தது.

அதே ஸ்வீடனில் இங்வார் காம்ப்ராட் என்று ஒரு பொடியன். ஸ்டாக்ஹோமிலிருந்து தீப்பெட்டியை மொத்த விலையில் வரவழைத்து, அக்கம்பக்கத்தில் சில்லறையாக விற்று லாபம் பார்த்தான். அப்போது அவனுக்கு வயசு அஞ்சு! (மண்ணடியில் பிறந்திருக்க வேண்டிய குழந்தை.) 17 வயசில், 1943-ல், சொந்தக் கம்பெனி ஆரம்பித்தான். பெயர் ஐகியா.

இந்தக் கம்பெனியில் வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற டிசைனர், ஒரு மேஜையைக் காருக்குள் ஏற்ற முடியாமல் திணறி, கடைசியில் அதன் காலைக் கழற்றிவிட்டு ஏற்றினாராம். 1956-ல் 'லோவெட்' என்ற அந்த மூன்று கால் மேஜை பிரித்த நிலையிலேயே விற்பனைக்கு வந்தது. ஆனால் பிரித்து அடுக்குகிற யோசனையின் தாத்தா இவர் இல்லை. 1859-லேயே வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்பவர், மரத்தை ஆவியில் வளைத்துச் செய்த நாற்காலியை ஆறு துண்டாகப் பிரித்து, ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளை அடக்கிக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். கணக்கு ரொம்ப சிம்பிள். முழு நாற்காலியை அனுப்பினால் அதன் காலுக்கு நடுவில் இருக்கிற காற்றுக்கும் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டும்!

இன்னொரு ஆச்சரியம், இன்றைய கன்டெய்னர் போக்குவரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட கப்பல் பயணமும் அதே 1956-ல்தான். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரர் 58 பெட்டிகளைக் கப்பலில் ஏற்றினார். எண்ணூர் நெடுஞ்சாலையில் நம் பைக்குக்கு முன்னால் நகராமல் நிற்கிறதே டிரெய்லர், அதன் ஆதி மூலம் அவர்தான். திட்டுவதாக இருந்தால் முறைப்படி அவரைத் திட்டுங்கள்.

சரி, அந்தப் பெட்டி இப்போது உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. போனில் ஆர்டர் செய்த கம்ப்யூட்டர் டேபிளோ, புத்தக ஷெல்ஃபோ. உள்ளே பலகைகள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, ஒரு ஆலன் கீ, ஒரு படம். படத்தில் விசாலமான ஹால், ஒரு குரோட்டன்ஸ் செடி, ஒரு நாய்க்குட்டி. உங்கள் ராயபுரம் வீட்டில் பத்துக்குப் பத்து ரூம், கேஸ் சிலிண்டர், நாலு பிளாஸ்டிக் குடம், ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி. கம்பெனிக்காரன் டிசைன் செய்தது படத்தில் இருக்கிற வீட்டுக்கு. உங்கள் வீட்டுக்கான டிசைன் இன்னும் முடியவில்லை. அதை நீங்கள்தான் முடிக்க வேண்டும்.

எப்படி முடிக்கலாம்? நான் பார்த்தவற்றில் உருப்படியானவை மட்டும் சொல்கிறேன்.

புத்தக ஷெல்ஃபை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். தட்டெல்லாம் இப்போது குறுக்குச் சுவராகி, மேல் பலகையைத் தாங்கும். மேலே மெத்தை போட்டால் பெஞ்ச், கீழே செருப்பும் டிபன் பாக்ஸும். ஒரு பொருள், இரண்டு வேலை.

சாய்ந்து திறக்கிற ஒல்லி ஷூ ரேக் சமையலறையில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைக்க அருமை. ஆனால் தட்டுக்கு ஒன்றாகப் பிரித்து, பக்கவாட்டில் டிரில்லால் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். காற்று போகாவிட்டால் வெங்காயம் முளைத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும்.

ஐகியாவின் 'லாக்' என்கிற சின்ன மேஜையின் கால்களுக்கு நடுவில் கிட்டத்தட்ட 19 அங்குலம். கம்ப்யூட்டர் சர்வர்களின் அகலமும் 19 அங்குலம்தான். அதனால் சாஃப்ட்வேர் ஆசாமிகள் அதைத் திருகாணி போட்டு சர்வர் ஸ்டாண்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஆனால் ரம்பத்தை எடுத்து அதன் மேல் பலகையை மட்டும் அறுத்துவிடாதீர்கள். உள்ளே மரம் கிடையாது. தேன்கூடு மாதிரி மடித்த காகிதம்!

நம் நாட்டுக்கென்று ஒரு ஃபிளாட் பேக் சொல்லச் சொன்னால், ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக்கைத்தான் சொல்வேன். ஆபீஸ் ரெக்கார்ட் ரூமில் பழைய ஃபைல்களைச் சுமந்துகொண்டு நிற்குமே, வரிசையாக ஓட்டை போட்ட அந்த இரும்புப் பட்டை. 1947-ல் லண்டனில் டிமெட்ரியஸ் கோமினோ என்பவர் 'டெக்ஸியன்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த சரக்கு. பாரிமுனை, மண்ணடி இரும்புக் கடைகளில் வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவார்கள். கட்டில், பரண், மடித்து வைக்கிற மேஜை, எதுவும் ஆகும். ஸ்பேனர் இருந்தால் போதும். கடல் காத்துக்கு மட்டும் ஒரு கோட் ரெட் ஆக்ஸைடும் பெயின்ட்டும் அடித்துவிடுங்கள்.

கடல் காத்து என்றதும் அந்தப் பலகையின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம். பாரிமுனையில் வேலை பார்க்கிற நண்பர், திருவொற்றியூரில் வாடகைக்கு இருக்கிறார். அவருடைய கம்ப்யூட்டர் டேபிளின் மூலை உடைந்தபோது, தெருக்கோடி கார்பென்டரைக் கூப்பிட்டார். வந்தவர் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இன்னா சார் இது... மரத்தூள்ல வடை தட்டி வெச்சிக்கிறான்?"

"அண்ணே, ரிப்பேர் ஆகுமா, ஆகாதா?"

"ஆவும் சார். ஆனா தண்ணி காட்டாத. ஒப்பி வந்துரும்."

பார்ட்டிகிள் போர்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. மரச் சீவலையும் தூளையும் பிசினோடு கலந்து, சூட்டில் அழுத்திய பலகை. மலிவு ரகத்தில் வழக்கமாகப் போடுவது யூரியா ஃபார்மால்டிஹைட் பிசின். அது தண்ணீருக்குத் தாங்காது. மேலே ஒட்டிய வழவழ தாள்தான் மழைக்கோட்டு. நீங்கள் ஆசையாக ரம்பம் போட்டு வெட்டுகிறீர்களே, அந்த ஓரம் திறந்த காயம் மாதிரி. எட்ஜ் டேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஃபெவிகாலைத் தடவிக் காயவிட்டு பெயின்ட் அடியுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது ஞாபகம் இருக்கும். தேக்குக் கட்டிலைக் கழுவித் துடைத்தால் தேறும். பார்ட்டிகிள் போர்டு, டீயில் ஊறிய ரஸ்க். நண்பர் இப்போது என்ன செய்திருக்கிறார் தெரியுமா? டேபிளின் பலகைக் கால்களை எறிந்துவிட்டு, ஸ்லாட்டட் ஆங்கிளில் ஃபிரேம் அடித்து மேல் பலகையை அதில் உட்கார வைத்திருக்கிறார். புத்தகத் தட்டும் தரையிலிருந்து ஒண்ணரை அடி உயரத்தில். இதை எந்தக் கேட்லாக்கிலும் பார்க்க முடியாது. அவர் தெருவில் தண்ணீர் எதுவரை வரும் என்பது கேட்லாக் போடுகிறவனுக்கு எப்படித் தெரியும்?

தட்டின் நீளத்திலும் ஜாக்கிரதை. நீளம் இரண்டு மடங்கானால், அதே மாதிரி நெருக்கமாகப் புத்தகம் அடுக்கும்போது தொய்வு 16 மடங்கு. மூன்றடித் தட்டு சீக்கிரமே உங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் ஒரு முட்டு கொடுத்தால் சிரிப்பு அடங்கும்.

அடுத்து, வீடு மாற்றுகிற படலம். இந்தப் பலகையில் ஸ்க்ரூவை ஒரு தடவை கழற்றி மாட்டினால் பிடிக்கும், மூணாம் தடவை லொடலொடக்கும். வைத்தியம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ஓட்டையில் ஃபெவிகால் விட்டு, மருந்துத் தலையைக் கிள்ளிய தீக்குச்சி இரண்டைச் செருகி, காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு ஸ்க்ரூவை ஏற்றுங்கள். மெழுகுக் குச்சி உதவாது, மரக்குச்சிதான் வேண்டும்.

போர்டே வேண்டாம், நிஜ மரம்தான் வேண்டும் என்றால் துறைமுகத்தை ஒட்டி வசிக்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம். சரக்குக்கு அடியில் வைத்து வருகிற பேலட் மரம், பழைய பேக்கிங் கட்டை. நெதர்லாந்தின் ரீட்வெல்ட் என்ற பெரிய ஆர்க்கிடெக்ட் 1934-லேயே, பொருளாதாரம் படுத்திருந்த சமயத்தில், பேக்கிங் பலகையில் நாற்காலி செய்து, தாங்களே பூட்டிக்கொள்ளும்படி விற்க வைத்தார். ஆகவே கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

ஆனால் வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். ஏற்றுமதி மரத்தில் பூச்சி போகாமலிருக்க சர்வதேச விதி உண்டு. கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, கூடவே ஹெச்.டி. அல்லது எம்.பி. என்று சூடு போட்டிருக்கும். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கியது. எம்.பி. என்றால் பார்லிமென்ட் சமாசாரம் இல்லை. மீத்தைல் புரோமைடு, விஷ வாயு. எம்.பி.யைப் பார்த்தால் ஒரு வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எண்ணெய்க் கறை, கெமிக்கல் வாடை இருந்தால் ஹெச்.டி.யானாலும் வேண்டாம். என்ன மூட்டை அதன்மேல் பயணம் செய்ததோ!

தானே செய்த பொருளுக்கு மனுஷன் அளவுக்கு மீறி மதிப்புப் போடுவான் என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் ஆராய்ந்து 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பெயரே 'ஐகியா எஃபெக்ட்'. நீங்கள் செய்த ஸ்டூல் ஆடினாலும், "ஆடலை, தரைதான் சரியில்லை" என்று சொல்ல வைப்பது இதுதான். வீட்டு அம்மாள் அப்படி நினைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வேடிக்கை. இனி சொல்வது இல்லை. உயரமான டிராயர் பெட்டி எதுவானாலும் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். குழந்தை கீழ் டிராயரை இழுத்துப் படியாக்கி ஏறும், பெட்டி அப்படியே கவிழும். அமெரிக்காவில் குழந்தைகள் இப்படி நசுங்கி இறந்து, 2016-ல் ஐகியா 2 கோடியே 90 லட்சம் பெட்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவிக்க வேண்டி வந்தது. காலை மாற்றி உயரம் கூட்டினீர்களானால் கவிழ்கிற ஆபத்தும் கூடுகிறது. இரண்டு 'எல்' ஆங்கிள், நாலு ஸ்க்ரூ, ராவல் பிளக். அவ்வளவுதான் செலவு.

ஆனால் ஹவுஸ் ஓனர், "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, தம்பி" என்று அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லியிருப்பாரே? காலண்டருக்குக் கேட்காதீர்கள், சாமி படத்துக்குக் கேட்காதீர்கள். இதற்கு மட்டும் கேளுங்கள். "சார், பீரோவுக்கு ரெண்டே ரெண்டு ஓட்டை. காலி பண்ணும்போது ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சுக் குடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். பேரன் பேத்தி எடுத்தவராக இருந்தால் டிரில்லிங் மெஷினை அவரே கொண்டுவருவார்.

கடைசியாக ஒன்று. எல்லாம் பூட்டி முடித்ததும் அந்த ஆலன் கீயைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த வாடகை வீட்டுக்குத் தேவைப்படும்!