ஞாயிறு கழித்துக் கிளம்புங்கள்

மீமிசல் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கப் போகும் நாம் பயணத்தின் கடைசி நாட்களை முஸ்தபா சென்டருக்கே எழுதி வைத்துவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவது, பெட்டியை எடைபோட்டுப் பார்ப்பது, கூடினால் பிரித்து மறுபடி அடுக்குவது என்று விடுமுறை அங்கேயே முடிந்துபோகிறது. தம்பி வீட்டுக்குப் போயிருந்த நான், இந்த முறை அந்த நாட்களை வேறு விதமாகக் கழித்தேன். நம் கரையோரத்துக்காரர்கள் எல்லாரும் அப்படிக் கழிக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை தெலுக் ஆயர் தெருவுக்குப் போனேன். சுற்றிலும் வானளாவிய அலுவலகக் கட்டடங்கள். கடல் கண்ணிலேயே படாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண் கொட்டிக் கடலைத் தள்ளும் வரைக்கும் இந்தத் தெருதான் கரை. கப்பலை விட்டு இறங்கியவன் முதலில் கால் வைத்த இடம் இது. சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் இங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள். தர்காவுக்குரிய மகான் ஷாகுல் ஹமீது ஆண்டகை அடங்கியிருப்பது நம் நாகூரில். கடல் கடந்து பத்திரமாக வந்து சேர்ந்தவர்கள் நன்றி சொல்ல இங்கே ஓர் இடம் வேண்டியிருந்தது, எழுப்பிக்கொண்டார்கள். கீழே வெள்ளைக்காரப் பாணியில் தூண்கள், மேலே சின்னச் சின்ன மாடங்கள். 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபு நிலையமாக இருக்கிறது.

அதே வரிசையில் நாலு எட்டு வைத்தால் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், கடல் காக்கும் தாய்க்கு எழுப்பியது. அதைத் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாகத் தொடங்கியதால் அதைக் குச்சுப்பள்ளி என்றே அழைத்திருக்கிறார்கள். நம் பாட்டன்மார் வாயில் புழங்கிய பேர் அந்த ஊரின் வரலாற்றில் ஏறி நிற்கிறது. வணிக வளாகத்தில் செலவிடும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இந்தத் தெருவுக்குக் கொடுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லுங்கள்.

மறுநாள் ஞாயிறு, நம்மவர்கள் கூடும் தேக்கா வட்டாரம். கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிற பையன்களில் பெரும்பாலோருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம் என்று நம் ஊர்ப் பேர்களெல்லாம் பேச்சில் காதில் விழும். அவர்களின் தங்குமிடங்கள் தீவின் ஓரத்தில். வேலைக்குப் பலரை லாரியின் பின்பக்கத்தில் உட்கார வைத்து இன்றைக்கும் கூட்டிப்போகிறார்கள். அத்தனை செல்வமுள்ள நாட்டில் இது கூடாது. 2013 டிசம்பர் 8, அதுவும் ஒரு ஞாயிறு, இதே வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் சாலையில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தொழிலாளி இறந்தார், கலவரம் மூண்டது. உலகமே அதைப் பேசியது. இறந்தவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பிள்ளை. அந்தச் சாலையைச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அங்கே காத்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. "அண்ணே, எடை ஒண்ணும் இருக்காது. அம்மாகிட்ட குடுத்துடுங்க, போதும்" என்றான். பையைப் பிரித்து ஒவ்வொன்றாகக் காட்டினான்: கோடாலித் தைலம் ஆறு புட்டி, ஒரு மைலோ பாக்கெட், தங்கச்சி பிள்ளைக்கு ஷூ, அம்மாவுக்கு முழங்காலில் மாட்டும் உறை. உறை சரியான அளவா என்று தன் காலிலேயே மாட்டிப் பார்த்தானாம். சம்பளப் பணத்துக்கு இப்போது ஆள் வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் நம் யூபிஐயையும் அங்குள்ள பேநவ்வையும் இணைத்தபிறகு கைபேசியிலேயே நொடியில் அனுப்பலாம். முகத்தைப் பார்க்க வீடியோ கால் இருக்கிறது. ஆனால் இந்த உறையும் ஷூவும் வர ஒரு மனுஷன் வரத்தான் வேண்டும்.

தெரியாதவர் பையை வாங்காதீர்கள். தெரிந்தவர் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து உங்கள் கையால் கட்டுங்கள். "திருச்சியில ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்" என்று நகையோ போனோ நீட்டினால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கூலிக்குப் பொருள் கடத்தும் குருவி வேலைக்கும் ஊர் உதவிக்கும் நடுவே உள்ள கோடு அங்கேதான் இருக்கிறது.

பையை வாங்கியதோடு கிளம்பிவிடவும் கூடாது. அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். எந்த இடத்தில் வேலை, எத்தனை பேர் ஒரு அறையில், சமையல் யார், இருமல் ஏன் இத்தனை நாளாக என்று கேட்டேன். வீட்டில் சொல்லாத சிலதைச் சொன்னான், சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டான். ஊருக்கு வந்து பையைக் கொடுத்தபோது அந்த அம்மா பையைத் திறக்கவே இல்லை. "இளைச்சிருக்கானா? சோறு நல்லாத் திங்கிறானா?" என்றுதான் கேட்டார்கள். அரை மணி நேரம் என்னை விடவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டிருந்ததால்தான் என்னிடம் பதில் இருந்தது.

அதனால் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டைத் திங்கட்கிழமைக்கு எடுங்கள். சனிக்கிழமை விமானம் விலை குறைவு என்று ஏஜென்ட் சொன்னாலும் கேட்காதீர்கள். ஞாயிறு விடிவதற்குள் ஊர் வந்துவிட்டால் இந்தப் பையன்களைப் பார்க்கவே முடியாது. சொந்தச் சாமானில் ஐந்து கிலோ குறைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் அறந்தாங்கியிலேயே கிடைக்கிறது. கிளம்பும் முன் தெருவில் நாலு வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். இங்கிருந்து கொடுத்துவிட அவர்களிடமும் கருவாடோ ஊறுகாயோ ஏதாவது இருக்கும்.